மூன்று மாதத்துக்கு மேற்படாத பிறப்புச் சான்றிதழ்

வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கே தலிதா வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் வாசலில் போய் நின்றுவிட்டாள். ஒன்பதுக்குத் திறந்து பதினொன்றரைக்கு மூடி, மறுபடி இரண்டுக்குத் திறந்து நாலரைக்கு மூடுகிற கதவு அது. பத்து மாதமாக அந்தக் கதவோடு பழகியதில் அதன் கைப்பிடிக் கீறல்கூட அவளுக்கு மனப்பாடம்.

பிரேசிலின் ஊபர்லாண்டியாவிலிருந்து, பிரான்ஸில் கிரனோபிள் நகரத்தின் இந்தப் பொறியியல் பள்ளிக்கு ஓராண்டுப் பரிமாற்ற மாணவியாக வந்தவள் தலிதா. இன்னும் ஓராண்டு இருந்து படித்தால் இரண்டு நாட்டுப் பட்டமும் கிடைக்கும். முப்பத்தொரு பேர் கேட்டு, நான்கு பேருக்கு மட்டும் அந்த இடம் கிடைத்திருந்தது. அந்த நால்வரில் அவளும் ஒருத்தி.

கோப்பில் பதினேழு காகிதங்கள் வைக்க வேண்டும். பதினாறு வைத்தாயிற்று.

"வணக்கம், மதாம்."

"வணக்கம், மத்மொசேல்," என்றார் மதாம் லக்கோம்ப். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, தலிதாவின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். கை காலி. "அப்போ இன்னிக்கும் வரல."

"தபால்ல இருக்கு மதாம். என்கிட்ட பழைய சான்றிதழ் இருக்கே, அதை இப்போதைக்கு..."

"அது நாலு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. மூணு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்."

"நான் பிறந்தது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி. அது மூணு மாசத்துல எப்படி மாறும்?"

"மத்மொசேல், விதியை நான் எழுதல. முழு நகல். மூணு மாசத்துக்கு மேற்படாதது. அங்கீகாரம் வாங்கின மொழிபெயர்ப்பாளரோட முத்திரை. உங்களுக்காக ரெண்டு தடவை தேதியைத் தள்ளிட்டேன். இன்னிக்கு நாலரை மணி வரைக்கும் இருக்கேன். நாலு முப்பத்தொண்ணுக்கு அந்த இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

அவர் கெட்டவர் அல்ல. அதுதான் தலிதாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் கத்தவாவது செய்யலாம்.

அந்தச் சான்றிதழை ஊரில் வாங்கித் தர வேண்டியவள் அம்மா ஜுசாரா. பதிவகத்துக்கு வேண்டிய விண்ணப்பத்தைத் தலிதா ஏப்ரல் மாதமே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டாள். முதலில் பதிவகத்தில் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றாள் அம்மா. பிறகு ஊழியர்கள் வேலைநிறுத்தம் என்றாள். பிறகு வாங்கியாயிற்று, தபாலில் போட்டாயிற்று, எந்த நிமிஷமும் வரும் என்றாள். தபால் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை, மூன்று பெட்டிகளோடு அம்மாவே வந்து இறங்கினாள். கூட வருவதாக இருந்த அப்பா வால்டிர், லாரி பிரேக் பட்டறையைப் போட்டுவிட்டு வர முடியாது என்று கடைசி நேரத்தில் நின்றுவிட்டார்.

அந்த மூன்று பெட்டிகளில் ஒன்று முழுக்க மரவள்ளி மாவு. இன்னொன்றில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைத் தாள்கள், கணக்கு டீச்சரான அம்மா திருத்துவதற்கு. ஆறு நாளாக மகளின் ஒற்றை அறையில் கட்டிலை அம்மாவும் தரையை மகளும் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தலிதா அலுவலகத்தைவிட்டு வெளியே வந்தபோது, நடைபாதை பெஞ்சில் மஞ்சள் கவுனும் பெரிய வளையங்களுமாக அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு சீன மாணவனோடு போர்த்துகீசிய மொழியில் பேசிக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா ஆச்சு?" என்று அம்மா எழுந்தாள்.

"நாலரை வரைக்கும்தானாம். இன்னிக்குத் தபால் வரலன்னா அவ்வளவுதான்."

"வரலன்னா விட்டுடேன்டி. ஊர்ல பட்டம் இல்லையா? இந்த ஊர்ல ரொட்டியைத் தட்டினா கதவைத் தட்டின மாதிரி சத்தம் வருது. இங்க இன்னொரு வருஷம் எதுக்கு?"

"அம்மா, பத்தரைக்கு எனக்கு வாய்மொழித் தேர்வு. இப்போ ரொட்டியைப் பத்திப் பேசாதே."

"நானும் வந்து உக்காருவேன்."

"உனக்கு ஒண்ணும் புரியாது."

"கணக்கு புரியும்ல?"

புரிந்திருக்கும், கூடப் படிக்கிற கோத்தியே என்ற பையன் அவளைப் பேச விட்டிருந்தால்.

கோத்தியேயும் தலிதாவும் ஐந்து மாதம் சேர்ந்து செய்த திட்டம் அது. மலை உச்சியில் இருக்கிற ஒரு தங்கும் குடிலுக்கு மின்சாரம் இல்லாமல் தண்ணீர் ஏற்றுகிற பம்ப். ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று பிரித்திருந்தார்கள். கோத்தியே பதினான்காவது நிமிஷத்தில் மூச்சு வாங்க நின்றான். "மீதியை என் தோழி சுருக்கமா சொல்லுவாங்க," என்றான்.

சுருக்கமாகச் சொன்னாள். மூன்று பேராசிரியர்களில் நடுவில் இருந்தவர் கேட்டார், "பனிக்காலத்துல குழாய் உறைஞ்சு போனா?"

கோத்தியே தன் ஷூவைப் பார்த்தான். திட்ட அறிக்கையில் அந்த அத்தியாயம் முழுக்கத் தலிதா எழுதியது. அவன் அதைப் படித்திருக்கவில்லை. தலிதா வெண்பலகையில் குழாயை வரைந்து, எவ்வளவு வெப்பம் எந்த வழியாக வெளியேறும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். தப்பே இல்லாத கணக்கு. முடித்தபோது பேராசிரியர் தலையசைத்து, "நல்லது. ஆனா வெப்பம் பெண்பால், மத்மொசேல். நீங்க ஆறு தடவை ஆண்பால்ல சொன்னீங்க," என்றார்.

அவள் ஊர் மொழியில் வெப்பம் ஆண்பால்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கால் மணி நேரம் வெளியே நிற்க வைத்து, பிறகு கூப்பிட்டு மதிப்பெண் சொன்னார்கள். இருபதுக்குப் பதிமூன்று. கோத்தியே குதித்தான். "பதிமூணு! பிரமாதம்!" என்று அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு ஓடினான்.

பின்வரிசையிலிருந்து வந்த அம்மா காதில் அந்த எண் மட்டும் விழுந்திருந்தது.

"இருபதுக்குப் பதிமூணா? இதுக்கா அவன் குதிக்கிறான்?"

"இங்க அது நல்ல மார்க்கும்மா. இருபது யாருக்கும் போட மாட்டாங்க."

"ஏன், இருபதைப் பூட்டி வச்சிருக்காங்களா? என் ஸ்கூல்ல பதிமூணு வாங்கினா வீட்டுலேர்ந்து ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லுவோம். நீ பலகையில போட்டதுல ஒரு தப்பு இல்ல. நான் பாத்தேன். அந்தப் பையன் பேசினதுக்கெல்லாம் உன் மார்க்கைக் குறைச்சிருக்காங்க. அந்த நடு ஆளோட நான் பேசுறேன்."

"அம்மா!"

"ரெண்டே வார்த்தை."

"எந்த மொழியில?"

அம்மா யோசித்தாள். "சரி, நான் போய் மாவு பிசையுறேன்," என்று விடுதியைப் பார்த்து நடந்தாள்.

தலிதா அறைக்குப் போகவில்லை. விடுதி வாசலில் தபால்பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பீட்சாக் கடை விளம்பரம். பூட்டிவிட்டு மறுபடி திறந்தாள். அதே பீட்சா.

அப்போதுதான் தோன்றியது, பதிவகத்தையே கூப்பிட்டு இன்னொரு நகல் கேட்டால் என்ன? மின்னஞ்சலில் ஒரு படம் வந்தால்கூட மொழிபெயர்ப்பாளரிடம் கெஞ்சிப் பார்க்கலாம். இத்தனை வாரமாக அம்மா சொன்னதை அப்படியே நம்பியதால், அவளே ஒரு தடவைகூட அங்கே கூப்பிட்டதில்லை. ஊரில் அலுவலகம் ஒன்பதுக்குத் திறக்கும். இங்கே இரண்டு. புல்தரையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரியாக இரண்டுக்கு அழைத்தாள்.

எடுத்த பெண் நிதானமாகத் தேடினாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"தலிதா மோராயிஸ் ப்ராகாவா? முழு நகல்தானே? அதை மே மாசம் ஏழாம் தேதியே கொடுத்தாச்சே கண்ணு."

"தபால்லயா?"

"தபால்ல எதுக்கு? கையிலதான். உன் கையெழுத்து போட்ட விண்ணப்பத்தோட ஜுசாரா டீச்சரே நேர்ல வந்து வாங்கிட்டுப் போனாங்க. வெளிநாட்டுக்கு வேண்டிய முத்திரையும் அன்னிக்கே போட்டுக் கொடுத்துட்டோம்."

"நடுவுல கம்ப்யூட்டர் ஏதும்... வேலைநிறுத்தம் ஏதும்..."

"இங்கயா?" அந்தப் பெண் சிரித்தாள். "எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் எப்ப வந்தது?"

தலிதா மாடிப்படிகளை இரண்டிரண்டாக ஏறினாள்.

பொதுச் சமையலறையில் அம்மா ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தாள். சீன மாணவனும், எதிர் அறை மொராக்கோப் பெண்ணும் வரிசையாக நின்று சீஸ் மாவை உருட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டில் நாற்பது உருண்டைகள்.

"அம்மா, ரூமுக்கு வா."

"கையெல்லாம் மாவுடி, இதை அடுப்புல வச்சுட்டு..."

"இப்பவே."

அந்தக் குரலில் இரண்டு பேரும் உருட்டுவதை நிறுத்தினார்கள். அம்மா கையைக்கூடத் துடைக்காமல் பின்னால் வந்தாள். தலிதா கதவைச் சாத்தினாள்.

"பதிவகத்துல பேசினேன்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். மறுக்கவில்லை. அது தலிதாவைப் பயமுறுத்தியது. அம்மா எதையும் மறுக்காமல் விட்டதே கிடையாது.

"மே ஏழாம் தேதியே வாங்கிட்டே. அஞ்சு வாரமா என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டே. அந்த மதாம்கிட்ட தினம் போய்ப் பல்லைக் காட்டிட்டு நிக்கிறேன். தபால்பெட்டிச் சாவி தேஞ்சு போச்சு. நான் ஊருக்குத் திரும்பி வரணும்னா நேராச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே? இது என்னம்மா அசிங்கம்?"

"அதுக்காக இல்லடி."

"பின்னே எதுக்காக? எங்க அது? கிழிச்சுப் போட்டுட்டியா?"

"உன் பேர் எழுதின காகிதத்தை நான் எப்படிக் கிழிப்பேன்?"

அம்மா குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தாள். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைத் தாள் கட்டைப் பிரித்தாள். திருத்திய தாளுக்கும் திருத்தாத தாளுக்கும் நடுவில் ஒரு நீள உறை. ஆறு நாளாகத் தலிதா அந்தக் கட்டின்மேல் காப்பிக் கோப்பை வைத்துக் குடித்திருக்கிறாள்.

உறையில் அம்மாவின் விரல் மாவு ஒட்டியது. தலிதா காகிதத்தை உருவிப் படித்தாள்.

குழந்தையின் பெயர்: தலிதா மோராயிஸ். தாய்: ஜுசாரா மோராயிஸ். தந்தை என்ற இடத்தில் ஒரு நீளக் கோடு.

ஓரத்தில், நெருக்கி எழுதிய குறிப்பு. குழந்தை பிறந்து நான்கு ஆண்டு, ஐந்து மாதம் கழிந்து, வால்டிர் ப்ராகா என்பவர் நேரில் வந்து, இக்குழந்தையின் தந்தை தாமே என அறிவித்ததன் பேரில், தந்தையின் பெயரும் குடும்பப் பெயரும் சேர்க்கப்படுகின்றன.

அவளிடம் இருந்த பழைய சான்றிதழ் சுருக்கமானது. அதில் கோடும் இல்லை, குறிப்பும் இல்லை.

"அப்பா நாலு வருஷம் எங்க போயிருந்தார்?" என்று கேட்டாள்.

"எங்கயும் போகல." அம்மா தன் கையில் காய்ந்துகொண்டிருந்த மாவை உரித்தாள். "அதுக்கு முன்னாடி அவர் வரவே இல்ல."

ஜன்னலுக்கு வெளியே யாரோ பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்கூல் பஸ்ஸுக்கு பிரேக் பாக்க வந்தவர்டி அவர். உனக்கு அப்போ மூணு வயசு. என் பின்னாடியே ஸ்கூலுக்கு வருவே. பஸ்ஸுக்கு அடியில படுத்திருந்தவர் காலைப் பிடிச்சு இழுத்து, வெளிய வா, வெளிய வான்னு நீதான் கூப்பிட்டே. அடுத்த வருஷம் கல்யாணம். கல்யாணம் முடிஞ்ச மூணாவது நாள் பதிவகத்துக்குப் போனார். குழந்தைக்கு அப்பா நீங்கதானான்னு கேட்டாங்களாம். 'வேற யாருன்னு நினைக்கிறீங்க?'ன்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டார். சாயங்காலம்தான் எனக்கே சொன்னார்."

"முதல் ஆள் யார்?"

"நீ வயித்துல இருக்கும்போதே ஊரை விட்டுப் போன ஒருத்தன். தேடி வரல. நானும் தேடல."

"இதை ஏன்மா மறைக்கணும்? எனக்குப் பத்து வயசுல சொல்லியிருக்கலாம். பதினெட்டுல சொல்லியிருக்கலாம்."

"அவர் போட்டது பொய்க் கையெழுத்துடி. அரசாங்கப் பதிவேட்டுல பொய். அது குத்தம். ஊர்ல ஆயிரம் பேர் பண்ணியிருக்காங்க, நிஜம்தான். ஆனா யாராவது தோண்டினா மாட்டுறது அவர்தானே? இப்போ இந்த ஊர்க்காரங்க என்னடான்னா ஓரத்துல எழுதினது உட்பட எல்லாத்தையும் கேக்குறாங்க. மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, ஆபீஸ் ஆபீஸா அனுப்புவாங்க. எவனாவது கேட்டா? ஒரு நாளும் தூக்கம் இல்ல எனக்கு. நேர்ல சொல்லித் தரலாம்னுதான் கொண்டு வந்தேன். ஆறு நாளா வாயைத் திறப்பேன், வேற ஏதாவது வந்துடும்."

"ரொட்டி வரும்," என்றாள் தலிதா.

"ஆமா. ரொட்டி வரும்."

தலிதாவுக்கு அழுகை வந்தது. கூடவே கடிகாரமும் கண்ணில் பட்டது. இரண்டு இருபத்தைந்து. இந்த நாட்டில் அழுவதற்கும் முன்கூட்டியே நேரம் வாங்கி வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது. கோபம் யார் மேல் என்றுகூட அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அப்பா அப்பா இல்லை என்பது இன்னும் உள்ளே இறங்கவே இல்லை. வேலைநிறுத்தம், கம்ப்யூட்டர், தபால் என்று அம்மா அடுக்கியது மட்டும்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"குடுக்காதேடி," என்றாள் அம்மா, இப்போது மெதுவாக. "இடம் போனா போகட்டும். ஊருக்கு வந்துடு. இதை மறுபடி உறையில போட்டுடலாம்."

அப்படியும் செய்யலாம்தான். யாருக்கும் எதுவும் தெரியாது. அவளையும் அம்மாவையும் தவிர. பிறகு வாழ்நாள் முழுக்க அவளும் ஒரு பரீட்சைக் கட்டைச் சுமந்துகொண்டு அலைய வேண்டும்.

"அம்மா, கையைக் கழுவிட்டு செருப்பைப் போடு."

மொழிபெயர்ப்பாளர் மதாம் ஃபிகேரா நகரத்தின் மறுகோடியில் இருந்தார். போர்ச்சுகலிலிருந்து வந்து நாற்பது வருஷமாக இங்கேயே இருப்பவர். தலிதா இரண்டு தடவை நேரம் வாங்கி இரண்டு தடவையும் ரத்து செய்திருந்ததால் கதவைத் திறக்கும்போதே முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"இன்னிக்காவது காகிதம் இருக்கா, இல்ல மூணாவது தடவையும் மன்னிப்பு மட்டும்தானா?"

"இருக்கு மதாம். நாலரைக்குள்ள கொடுத்தாகணும்."

"எல்லாரும் நாலரைக்குத்தான் வருவீங்க." காகிதத்தை வாங்கி விளக்கடியில் பிடித்தார். உதடு அசையாமல் படித்தார். ஓரத்துக்கு வந்ததும் கண் ஒரு கணம் நின்றது. மேசைக்கு எதிரே ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்திருந்த தாயையும் மகளையும் பார்த்தார்.

"குறிப்பும் சேத்துத்தான் மொழிபெயர்க்கணும். முழு நகல்னா முழுசா. ஒரு வார்த்தை விட்டாலும் நான் முத்திரை குத்த முடியாது."

"தெரியும்," என்றாள் தலிதா.

அம்மா கையைப் பிசைந்தாள். "மதாம், இதைப் படிக்கிறவங்க ஏதாவது தப்பா..."

"நாற்பது வருஷமா நான் இதைத்தான் படிக்கிறேன்மா. கோடு போட்டது, அடிச்சது, பதினைஞ்சு வருஷம் கழிச்சு சேத்தது. ஓரத்துல ஒண்ணும் எழுதாத பக்கத்தைப் பாத்தாத்தான் எனக்குச் சந்தேகமா இருக்கும்." அவர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். "கொஞ்சம் பேசாம இருங்க ரெண்டு பேரும்."

தலிதாவின் வாழ்க்கை மதாம் ஃபிகேராவின் விரல்களில் பிரெஞ்சாக மாறிக்கொண்டிருந்தது. இடையில் அவர், "'வேற யாரும் உரிமை கோராத நிலையில்'னு ஒரு வரி இருக்கு. கவனிச்சீங்களா?" என்று கேட்டார். தலிதா கவனித்திருக்கவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முத்திரை விழுந்தபோது மூன்று ஐம்பது.

டிராம் பள்ளிக்கு இரண்டு நிறுத்தத்துக்கு முன்னால் நின்றது. தண்டவாளத்தில் வேலை நடக்கிறதாம், எல்லாரும் இறங்க வேண்டுமாம். மேலே மலையில் இன்னும் வெள்ளைக் கோடாகப் பனி. கீழே தார்ச்சாலை கொதித்தது. தலிதா ஓடினாள். பின்னால் அம்மா, ஒரு கையில் செருப்பும் மறு கையில் கவுன் நுனியுமாக, "இந்த ஊர்ல ஒண்ணாவது உருப்படியா ஓடுதா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். ஒரு வயதானவர் நாயோடு ஒதுங்கி வழிவிட்டார்.

நாலு இருபத்தாறு. மதாம் லக்கோம்ப் மேசைமேல் இருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்க, "வணக்கம், மதாம்," என்றாள் தலிதா.

"வணக்கம். உக்காருங்க. விழுந்துடப் போறீங்க."

காகிதங்களை வாங்கினார். முதலில் மொழிபெயர்ப்பின் முத்திரையைப் பார்த்தார். பிறகு சான்றிதழைத் திருப்பி, கீழே தேதி இருந்த இடத்தில் விரலை வைத்தார். மே ஏழு. உதட்டுக்குள் மாதங்களை எண்ணினார்.

"மூணு மாசத்துக்குள்ளதான். சரி."

பட்டியலில் பதினேழாவது வரியில் ஒரு டிக் அடித்தார். காகிதங்களைத் துளையிட்டுக் கோப்பின் கடைசியில் செருகி, கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

தலிதா எழுந்திருக்கவில்லை. அம்மா அவள் தோளைச் சுரண்டினாள். "என்ன சொல்றாங்க? படிச்சாச்சா? ஏதாவது கேட்டாங்களா?"

"படிக்கலம்மா."

"படிக்கலையா?"

"தேதியை மட்டும்தான் பாத்தாங்க."

"ஓரத்துல?"

"பாக்கவே இல்ல."

அம்மா மதாம் லக்கோம்பை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண்ணில் நன்றி இல்லை. பச்சையான கோபம் இருந்தது. "பதினெட்டு வருஷமா இதுக்காகத்தான்டி நான் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருந்தேன்! ஒரு வரி படிக்கக் கூடாதா இவங்க? கேளு, ஒரு வரி படிக்கச் சொல்லிக் கேளு!"

"உங்க அம்மா என்ன சொல்றாங்க?" என்றார் மதாம் லக்கோம்ப்.

"நன்றி சொல்றாங்க, மதாம்."

"பரவாயில்ல. செப்டம்பர்ல பாப்போம், மத்மொசேல்." முதல் தடவையாக அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். பத்து மாதமாக எங்கே வைத்திருந்தாரோ.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மா செருப்பை மாட்டினாள். ஒரு பட்டை அறுந்திருந்தது. சிரிக்க ஆரம்பித்தாள், அது பாதியில் அழுகையாக மாறியது, மறுபடி சிரிப்புக்கு வந்தது. தலிதா பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் போகவில்லை. ஆனாலும் தோளில் சாய்ந்த தலையைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

"நீ சொன்ன பொய்யை எல்லாம் நான் இன்னும் மன்னிக்கல," என்றாள்.

"தெரியும்."

"கணக்கு டீச்சர்னா கொஞ்சமாவது ஒழுங்காப் பொய் சொல்லியிருக்கணும். கம்ப்யூட்டர் கெட்டுப்போன வாரத்துலயே வேலைநிறுத்தமும் வந்துச்சு உன் கதையில."

"அவசரத்துல கவனிக்கல." அம்மா மூக்கைத் துடைத்தாள். பிறகு தலிதாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்டி. அப்பாகிட்ட உனக்குத் தெரியும்னு காட்டிக்காதே. இந்தப் பேப்பர் கதையே அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவார். நான் ஊருக்குப் போய்ப் பக்குவமா சொல்லிக்கிறேன்."

"மறுபடியுமா?"

"கடைசித் தடவை."

தலிதா மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள். அம்மா எழுந்து முகம் கழுவ உள்ளே போனாள், அறுந்த செருப்பு தரையில் தேய்ந்து சத்தம் போட.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் போன் அடித்தது. அப்பா.

திரையில் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே நாலு தடவை மணி அடிக்க விட்டாள். ஐந்தாவதில் எடுத்தாள்.

"மகளே! தேர்வு என்ன ஆச்சு?"

"முடிஞ்சுது... அப்பா." சொல் வழக்கம்போலத்தான் வாயிலிருந்து வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "உறைபனிக் கேள்வியைத்தான் கேட்டாங்க."

"பாத்தியா! அதைத்தான் கேப்பாங்கன்னு நீதானே சொன்னே!" அவர் குரலுக்குப் பின்னால் ஒரே கூச்சல். ஏதோ அறிவிப்பு, பெட்டிகள் உருளும் சத்தம்.

"பட்டறையில என்ன இவ்வளவு சத்தம்?"

"பட்டறையில இல்ல." அப்பா தொண்டையைச் செருமினார். "சாவோ பாவுலோ ஏர்போர்ட்ல நிக்கிறேன். பட்டறையை மூடிட்டேன். நாளைக்கு மத்தியானம் உங்க ஊர்ல இருப்பேன்."

தலிதா எழுந்து நின்றாள்.

"பதட்டப்படாதே. யாருக்கும் ஒண்ணும் இல்ல. நேத்து பதிவகத்துப் பக்கம் போயிருந்தேன். உங்கம்மா ஒரு நகல் வாங்கிட்டுப் போனது தெரிஞ்சுது. அவ அதை உன்கிட்ட கொடுத்திருக்க மாட்டா, எனக்குத் தெரியும். அதைப் பத்தி நான்தான் உன்கிட்ட பேசணும். அதுல எழுதாதது ஒண்ணு இருக்கு மகளே. உங்கம்மாவுக்கே தெரியாது. அந்த ஆள்..." அறிவிப்பு மறுபடி குறுக்கே வந்தது. "...போன்ல வேண்டாம். நேர்ல சொல்றேன். நான் வர்றது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா நான் வந்து சேர்றதுக்குள்ள அவ பெட்டியைக் கட்டிடுவா. சத்தியமா?"

"எந்த ஆள்? அப்பா? அப்பா!"

அங்கே விமானம் ஏறுகிற வரிசை நகர்ந்துவிட்டது போலிருந்தது. போன் அடங்கியது.

அறுந்த செருப்பின் சத்தம் நடைபாதையில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அம்மா முகம் கழுவி, உதட்டுச் சாயம்கூடப் போட்டிருந்தாள்.

"யாருடி போன்ல?"

தலிதா அம்மாவைப் பார்த்தாள். அந்த மூன்று பேர் குடும்பத்துக்குள் மற்றவரிடம் இன்றுவரை பொய்யே சொல்லாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"கோத்தியேம்மா," என்றாள். "மார்க்கைப் பத்தித்தான்."